பென்சிலால் எழுதிய பெயர் செல்லுமா? பொது ஆய்வக ஸ்லாட் நோட்டின் பதிப்பியல் சிக்கல்கள்

மூன்று ஆய்வுக் குழுக்கள், ஒரு கருவி அறை, ஒரு சாவி. பல்கலைக்கழக அறிவியல் துறைகளில் நெடுங்காலமாக நிலவிவரும் இந்நிலை குறித்து முறையான ஆய்வு எதுவும் இதுகாறும் நிகழ்த்தப்படவில்லை என்பது பெருங்குறையாகும். (ஆய்வேடுகள் இந்த வாக்கியத்தில்தான் தொடங்க வேண்டும். தேடிப் பார்த்தால் நிகழ்ந்திருப்பது தெரிந்துவிடும் என்பதால் யாரும் தேடுவதில்லை.) அக்குறையைப் போக்கும் முகமாக இக்கட்டுரை அமைகிறது.

ஆய்வின் எல்லை: கருவி அறையின் நான்கு சுவர்கள். அதிலும் ஏ.சி. ஓடும் நாட்கள் மட்டும்.

ஆய்வின் பயன்: பின்னால் வருவோர் மேற்கோள் காட்டலாம்.

முன்னாய்வுகள்: பொது மேய்ச்சல் நிலத்தில் ஆளாளுக்கு ஒரு மாட்டைக் கூடுதலாக ஓட்டிவந்தால் நிலம் பாழாகும் என்று காரெட் ஹார்டின் 1968-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினார். அப்படிக் கட்டாயம் ஒன்றும் இல்லை, ஊரார் தாங்களே விதி வகுத்துக் காட்டையும் கால்வாயையும் காத்துவருகிறார்களே என்று எலினோர் ஆஸ்ட்ரம் பல நாடுகளிலிருந்து சான்று திரட்டி 1990-இல் நூலாக்கினார். 2009-இல் பொருளியல் நோபல் பெற்றார். அவர் காட்டிய சான்றுகளில் ஸ்பெயினின் வாலன்சியாப் பாசனமும் ஒன்று. அங்கே தண்ணீர்த் தகராறைத் தீர்க்கும் மன்றம் வியாழக்கிழமை நண்பகலில் தேவாலய வாசலில் கூடுகிறது. முறையீடு வாய்மொழி, விசாரணை வாய்மொழி, தீர்ப்பும் அங்கேயே. நம் கருவி அறையிலோ எல்லாம் எழுத்தில் இருக்கிறது. தீர்ப்புதான் இல்லை.

எழுத்து என்றது ஸ்லாட் நோட்டை. நீளவாக்கில் கோடு போட்ட அட்டை நோட்டு; இடப்பக்கம் தேதி, மேலே மணி, கட்டத்துக்குள் பெயர். கட்டத்தில் பெயர் இருந்தால் அந்த நேரம் அவருக்கு உரியது என்று முதலாண்டு ஸ்காலர்கள் கருதுகிறார்கள். இது மேலோட்டமான வாசிப்பு. பிரதியை உற்றுநோக்கினால் நான்கு அடுக்குகள் தென்படும்: அடியில் பென்சில், அதன்மேல் பால்பாயின்ட், அதன்மேல் ஒயிட்னர், ஒயிட்னர் காய்வதற்குள் எழுதிய இன்னொரு பெயர். எந்த அடுக்கு மூலபாடம் என்பதே இத்துறையின் தலையாய சிக்கல்.

பென்சில் பெயர் வெறும் விருப்பம், பேனாப் பெயரே பதிவு என்பது பேனாவாதிகள் கட்சி. முதலில் வந்தது எதுவோ அதுவே மூலம், எழுதுகருவி என்ன என்பது பொருட்டன்று என்பது பென்சில்வாதிகள் கட்சி (ஸ்லாட் நோட்டு, செவ்வாய், 10–12, ஓரக்குறிப்பு). இரு சாராரையும் மறுத்து எழுந்தது தழும்புவாதம். அழித்த பெயரும் தாளில் பள்ளமாக நிற்கும், செல்போன் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் படித்துவிடலாம், ஆகவே அழிக்கப்பட்டவருக்கே முன்னுரிமை என்பது அவர்கள் வாதம் (மேற்படி நோட்டு, கிழிந்த தாளுக்கு அடுத்த தாள், கிழிந்த தாளின் எழுத்தும் இதில் பதிந்திருப்பதால் இதை இரு சான்றுகளாகக் கொள்க). இதை ஏற்றால் ஒரே கட்டத்துக்கு நான்கு பேர் உரியவராவர். அப்படி ஆகியும் இருக்கிறார்கள்.

புதன்கிழமைக் கட்டம் ஒன்றில் 'வே' என்று ஒற்றை எழுத்து மட்டும் காணப்படுகிறது. பெயரின் முதலெழுத்து என்பார் ஒரு சாரார். அந்தத் துறையில் அவ்வெழுத்தில் தொடங்கும் பெயருடையவர் எவரும் இல்லாமையால் இது பொருந்தாது. 'வேலை செய்யவில்லை' என்று கருவியைக் குறித்ததே என்பார் மற்றொரு சாரார். அன்றைய கருவியின் நிலையோடு இது ஒத்துவருகிறது, ஆனால் எல்லாக் கிழமைக்கும் ஒத்துவருவதால் சான்றாகாது. (விரிவுக்கு: பின் அட்டை உட்பக்கம், ஜெராக்ஸ் கடை எண்ணுக்கும் பிரியாணிக் கணக்குக்கும் இடைப்பட்ட பகுதி, நோட்டைத் தலைகீழாகப் பிடித்துப் படிக்க, மறுப்பு: பிரிட்ஜ் கதவுச் சாசனம், காந்தத்துக்கு மேல், மறுப்புக்கு மறுப்பு: அதே காந்தத்துக்கு அடியில், வேறு கையெழுத்து, சற்றுக் கோபம்.)

1887-இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி ஒப்புநோக்கினார். அவருக்கு வாய்த்த பகை ஏட்டை அரிக்கும் செல். நமக்கு அந்தத் தெளிவு இல்லை. தாளைக் கிழித்தது யாரென்று எல்லோருக்கும் தெரியும், எவரும் சொல்லார். தமக்கு ஒவ்வாத அடியை இடைச்செருகல் என்று தள்ளிவிடுவது பதிப்பாசிரியர் சிலருக்குக் கைவந்த கலை. அம்முறையைப் பின்பற்றியதில், எங்கள் குழுவின் ஸ்லாட்டுக்குக் குறுக்கே வரும் பெயர்கள் அத்தனையும் இடைச்செருகல் என ஐயமற நிறுவப்பட்டுள்ளது.

பொழுது குறித்து: குறிஞ்சிக்கு யாமம், பாலைக்கு நண்பகல், நெய்தலுக்கு எற்பாடு என்று தொல்காப்பியம் சிறுபொழுதைப் பங்கிட்டுத் தந்திருக்கிறது. ஐந்திணையையும் வரிசையாகப் பொருத்திக் காட்டியிருக்கலாம். ஆனால் கண்டதையெல்லாம் ஐந்திணையில் பொருத்தி வாங்கிய பட்டங்களே நாட்டில் போதுமான அளவு இருக்கின்றன. யாமம் ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். இரவு பதினொன்றுக்கு மேல் ஸ்லாட் எப்போதும் காலி. போகத் துணிந்தவரைக் காவலாளி தடுப்பார், நாய் குரைக்கும், துறைத் தலைவர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் விடுதி அறையில் இருக்கும். அகத்துறையில் இதற்குப் பெயர் இரவுக்குறி இடையீடு.

கருவிகள் குறித்து: ஆட்டோகிளேவில் 121 டிகிரி வெப்பத்தில் 15 நிமிடம் வைத்தால் போதும் என்று பாடநூல் சொல்கிறது. ஆகவே எல்லோரும் அரைமணி ஸ்லாட் எடுக்கிறார்கள். அது சூடேறவும், அழுத்தம் இறங்கி ஆறவும் ஆகும் நேரம் பாடநூலில் அதே வரியில் இல்லாததால் அடுத்தவர் ஸ்லாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளப்படுகிறது. சென்ட்ரிஃபியூஜ் ரோட்டாரில் ஒரு குழியில் குழாய் வைத்தால் நேரெதிர்க் குழியிலும் அதே எடை வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் கருவி ஆட்டம் காணும். எதிர்க்குழுவின் சாம்பிளையே எதிர்க்குழியில் வைத்தால், வேகமும் நேரமும் ஒத்துப்போகும் நாளில் இருவர் வேலையும் ஒரே ஓட்டத்தில் முடியும். எல்லோரும் தண்ணீர்தான் வைக்கிறார்கள்.

நாட்டின் எந்த மூலையிலுள்ள ஆய்வுக் கருவியையும் தேடி முன்பதிவு செய்ய 'ஐ-ஸ்டெம்' என்ற தேசியத் தளம் 2020-இல் வந்தது. அடுத்த அறையில் இருப்பதற்குத்தான் பென்சில் வேண்டியிருக்கிறது.

'சார் சொல்லிட்டார்' குறித்து: இது பிரமாணங்களில் உயர்ந்தது. நான்கு அடுக்குகளையும் கடந்தது. எந்த சார், எப்போது சொன்னார் என்று கேட்கும் மரபு இல்லை.

முடிவுக்கு வரும் வேளையில் ஓர் இடையூறு. நோட்டை வைத்துக்கொண்டு மூலபாடம் தேடியபோது கதவருகே ஒரு ஸ்காலர் வந்து நின்றார். நோட்டைத் திறக்கவே இல்லை. அட்டெண்டரிடம், "அண்ணே, நாளைக்குக் காலையில மைக்ராஸ்கோப் ஃப்ரீயா?" என்றார். "பதினொன்றரைக்கு வா தம்பி. மேடத்தோட ஸ்காலருக்கு டாக்டரல் கமிட்டி மீட்டிங், அது வராது. கார்பன் கோட்டிங் மட்டும் இன்னைக்கே போட்டு வெச்சிரு" என்றார் அவர். அவரும் நோட்டைப் பார்க்கவில்லை.

இந்த அட்டெண்டர் ஏரிப் பாசனத்தில் தண்ணீர் பங்கிடும் நீர்க்கட்டி போன்றவர். எந்த வயல் காய்கிறது, யார் மடையை இரவில் திறந்துகொள்வார் என்பது அவருக்குத் தெரியும். யாருக்கு சினாப்சிஸ் நெருங்குகிறது, யார் நாலு மணிநேரம் எழுதிவிட்டு நாற்பது நிமிடத்தில் கிளம்பிவிடுவார், எந்த இருவரை அடுத்தடுத்து வைத்தால் சண்டை வரும் என்பது இவருக்குத் தெரியும். வெற்றிடம் ஏற நேரமாகும் என்பதால் முந்தையவர் கிளம்பும் முன்பே அடுத்தவருக்கு போன் போட்டுவிடுவார். ஸ்லாட் ஒதுக்கீட்டு நெறிமுறைக் குழுவில் பேராசிரியர்கள் அனைவரும் உறுப்பினர்கள். தேநீர் கொண்டுவருபவராகக்கூட இவர் அதன் குறிப்பில் இடம்பெறவில்லை. எந்த ஆய்வுக் கட்டுரையின் நன்றியுரையிலும் இவர் பெயரை நான் பார்த்ததில்லை. கருவி அறைக்குள் ஒருநாளும் கால்வைக்காதவர்கள் பெயரை ஆசிரியர் பட்டியலிலேயே பார்த்திருக்கிறேன்.

இவர் வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு ஆள் எடுப்பதாக அறிவிப்பு எதுவும் வரவில்லை. புது நோட்டு மட்டும் வாங்கி வைத்திருக்கிறார்கள்.