முதலில் வேலம்பாசி

கேள்வி: செடிகளோடு ஒரு சின்ன மீன்தொட்டி வைக்க ஆசை. கடைக்காரர் தந்த பட்டியலைப் பார்த்தால் சீட்டு எடுக்க வேண்டும்போல் இருக்கிறது. சிக்கன வழி உண்டா?
(வாசகர், தாம்பரம்)

பதில்: பட்டியலில் பாதியைக் கிழித்துவிடுங்கள். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கேட்கும் செடிகள் உங்களுக்கு வேண்டாம். ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரத்தில் வெறும் கண்ணாடித் தொட்டி போதும். 42 லிட்டர் பிடிக்கும். கொளத்தூர் மீன் கடைகளில் பேரம் பேசலாம். அடியில் ஒரு அங்குலம் உரமில்லாத தோட்டத்து மண், மேலே கழுவிய மணல். மண்ணா என்று முகம் சுளிக்க வேண்டாம். அமெரிக்காவின் டயானா வால்ஸ்டட் 1999-ல் இதற்கென்றே ஒரு புத்தகம் எழுதினார். செடிக்கு வேலம்பாசி; குளத்தில் இலவசம். நன்றாக அலசுங்கள், நத்தை முட்டையும் இலவசமாக வரும். 6500 கெல்வின் எல்இடி பல்பு எட்டு மணி நேரம் எரிந்தால் போதும்.

காசு கேட்காத, ஆனால் யாரிடமும் இல்லாத பொருள் ஒன்று வேண்டும்: பொறுமை. தண்ணீர் ஊற்றிய அன்றே மீன் விடுவது, கடைக்கால் தோண்டிய அன்றே குடிபோவது மாதிரி. கழிவில் வரும் அம்மோனியா மீனைக் கொல்லும். அதை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா பெருக நாலைந்து வாரமாவது ஆகும். அதுவரை அந்தப் பாக்டீரியாவுக்காகத் தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு, வெறும் தண்ணீரை ரசியுங்கள். வீட்டில் சிரிப்பார்கள்.

பிறகு கப்பி மீன் வாங்கலாம். ஆண் மட்டும். பெண் கப்பி தனியாக வந்தாலும், சேமித்து வைத்த விந்தைக் கொண்டே மாதக்கணக்கில் குட்டி போடும். வண்ணமும் ஆணுக்குத்தான் அதிகம்.