எங்கள் வீட்டுப் பாரதி

மணியாச்சிச் சந்திப்பில் கோவில்பட்டி வண்டிக்குக் காத்திருக்கும் தகப்பனார்கள், தத்தம் சிரஞ்சீவிகள் கணக்குப் புஸ்தகத்தைத் தொடுவதில்லை, ஏனென்று கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள், செல்போனைப் பிடுங்கினால் சோற்றுத் தட்டைத் தள்ளிவிடுகிறார்கள் என்று விசனப்படுவதைக் கேட்கும்போதெல்லாம், இதே கரிசல் சீமையில், எட்டயபுரத்தில், பஞ்சாலை வைத்து நொடித்துப்போன சின்னசாமி ஐயரின் ஞாபகம் எனக்கு வருகிறது. கணிதத்திலும் யந்திர சாஸ்திரத்திலும் மகனைத் தேற்றிவிட வேண்டுமென்று அவர் படாத பிரயாசை இல்லை. 1882-இல் பிறந்த அந்தச் சுப்பையாவோ, பதினொரு வயதிலேயே ‘பாரதி’ப் பட்டத்தை வாங்கிக்கொண்டு, கணக்கின் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் மறுத்தான். 1897-இல், பதினாலாம் வயதில், கலியாணத்தையும் பண்ணிவைத்துப் பார்த்தார்கள். அந்த மருந்தும் பலிக்கவில்லை.

இன்றோ பாரதி பிறந்த நாளான டிசம்பர் 11 வந்தால், நாலு வயதுக் குழந்தைக்குத் தலைப்பாகை சுற்றி, கண்மையால் மீசை வரைந்து, ‘எங்கள் வீட்டுப் பாரதி’ என்று படம்பிடித்துப் பூரித்துப்போகும் பெற்றோர், அக்குழந்தைக்குப் பதினாலு வயதாகி, மெய்யாகவே பாரதியைப்போல் நிமிர்ந்து நின்று எதிர்வார்த்தை பேசத் தொடங்கிய மறுதினமே, கணக்கு டியூஷனில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள்.