எதையும் எதிர்பார்க்காத மாமா

எல்லாக் குடும்பத்திலும் ஒரு மாமா இருப்பார், எதையும் எதிர்பார்க்காதவர். அதை நாமாகக் கண்டுபிடிக்கும் சிரமத்தை அவர் நமக்கு வைப்பதில்லை. கிரகப்பிரவேசத்துக்குச் சுவர்க் கடிகாரத்தோடு வருவார். அட்டைப்பெட்டியை நீட்டும்போதே, "நான் எதையும் எதிர்பார்த்துச் செய்யுற ஆள் இல்லப்பா" என்பார். நாம் கேட்டிருக்கவே மாட்டோம்.

கடிகாரத்தை வரவேற்பறையில்தான் மாட்டியாக வேண்டும். படுக்கையறையில் மாட்டிவிட்டால், அடுத்த முறை வரும்போது தண்ணீர் குடித்துக்கொண்டே நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்ப்பார். பிறகு, "மணி என்னப்பா ஆச்சு?" என்பார். கையில் வாட்ச் கட்டியிருப்பார்.

மொய் நோட்டு என்றாலே அவருக்கு ஆகாது. "அன்பைப் போய்க் கணக்கு எழுதுறதா?" என்று முகம் சுளிப்பார். எனக்கென்னவோ எழுதுகிறவர்கள்மேல்தான் மரியாதை. பேராவூரணி, கீரமங்கலம் பக்கம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து வைப்பார்கள். கல்யாணமோ காதுகுத்தோ வேண்டியதில்லை. பத்திரிகை அடித்து, ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டு, ஒரு பக்கம் மேசை போட்டு மொய் எழுத ஆள் உட்கார்த்திவிடுவார்கள். வந்த பணத்தில் ஒருவர் கடை வைப்பார், இன்னொருவர் தோப்பில் போர் போடுவார். உங்களுக்கு ஒருவர் 5,000 செய்திருந்தால் அவர் விருந்தில் நீங்கள் அதைத் திருப்பிச் செய்தாக வேண்டும். அதற்குமேல் வைப்பது புதுக் கணக்கு. வட்டி இல்லை, பத்திரம் இல்லை. திருப்பிச் செய்துவிட்டால் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கலாம். மாமாவிடம் அந்த வசதி கிடையாது. எவ்வளவு பாக்கி என்று அவர் சொல்லவே மாட்டார்.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சு அறிஞர், பாலினீசியத் தீவுகளிலும் வட அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் இருந்த வழக்கங்களைப் பற்றிய குறிப்புகளையெல்லாம் புரட்டி, கொடுப்பதும் கடமை, வாங்கிக்கொள்வதும் கடமை, திருப்பிக் கொடுப்பதும் கடமை என்று 1925-ல் எழுதினார். பேராவூரணிக்கு வந்திருந்தால் ஒரே பந்தியில் விஷயம் முடிந்திருக்கும். நம் அரசாங்கமும் லேசுப்பட்டதில்லை. வரதட்சணைத் தடைச் சட்டத்தின் கீழ் 1985-ல் வந்த விதிகளின்படி, மணமக்களுக்கு வந்த பரிசுகளைப் பட்டியல் போட வேண்டும். பொருள் என்ன, உத்தேச மதிப்பு எவ்வளவு, கொடுத்தவர் யார், உறவுக்காரர் என்றால் என்ன முறை என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். எத்தனை கல்யாண வீடுகளில் இதைப் பின்பற்றுகிறார்களோ! மாமா பேனாவே தொடாமல் பின்பற்றிவருகிறார்.

அவருடைய ஞாபகத்தில் செலவுப் பக்கம் மட்டும்தான் உண்டு. "உன் காலேஜ் சீட்டுக்கு நான் அலைஞ்சதைச் சொல்லிக்காட்டுறேன்னு நெனைக்காதே" என்று தொடங்கினால், எந்த பஸ், எத்தனை மணி வெயில், அங்கே டீக்குக் காசு கொடுத்தது யார் என்பது வரை வரும். டீக்குக் காசு கொடுத்தது அவர்தான்.

உடனே திருப்பிச் செய்து தப்பிக்கலாம் என்று சிலர் பார்த்ததுண்டு. தீபாவளிக்கு வேட்டியும் சேலையும் வாங்கிக்கொண்டு போனால், "என்னப்பா, கடனை அடைக்க வந்தியா?" என்று முகம் வாடிப்போகும். அதற்குள் அத்தை முந்தானையைப் பிரித்துத் தடவிப் பார்த்திருப்பார். பொங்கலுக்குள் அங்கிருந்து ஒரு குக்கர் வந்து இறங்கிவிடும். மறுபடியும் நாம்தான் பாக்கி.

அவருக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. பத்திரிகையின் அடியில் கொட்டை எழுத்தில் 'அன்பளிப்பைத் தவிர்க்கவும்' என்று போட்டிருந்தார். மண்டபத்தில் மொய் மேசையே இல்லை. விவரம் தெரிந்த சொந்தமெல்லாம் மோதிரமும் கவருமாக வந்து சேர்ந்தது. ஒவ்வொன்றையும் "எதுக்கு இதெல்லாம்" என்று கடிந்துகொண்டே வாங்கி, பக்கத்திலிருந்த மச்சினன் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார். பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் ஒருவன் மட்டும் வெறுங்கையோடு வந்தான். காலில் விழுந்தான், ஆசி வாங்கினான், இரண்டு தடவை பாயசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

மாமா கோபப்படவேயில்லை. "நம்ம சொந்தத்துலயே பத்திரிகையை முழுசாப் படிச்சவன் அவன் ஒருத்தன்தான்" என்று பெருமையாகச் சொன்னார். அன்று சாயங்காலத்துக்குள் மண்டபத்தில் இருந்த எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தார். பிறகு அவன் மகளுக்குக் காதுகுத்து வந்தபோது அத்தை மட்டும் போய்வந்தார். மாமாவுக்கு அன்றைக்குப் பார்த்து முழங்கால் வலி.