காசு சேர்க்கும் பிள்ளை

கேள்வி: நினைவு நாணயங்களைத் தொடராகச் சேகரிக்க வேண்டுமென்று என் மகன் பிடிவாதம் பிடிக்கிறான். எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: பொடிப்பொடியான திருவிதாங்கூர்ச் சக்கரங்களைப் பலகையின் குழிகளில் பரப்பி எண்ணிய சீமையில் பிறந்த பிள்ளைக்குக் காசின்மேல் மோகம் ஏற்படுவதில் ஆச்சரியமென்ன? தமிழகப் பெரியோர் வரிசையிலிருந்தே தொடங்கட்டும். 1995-இல் தஞ்சையில் நடந்த எட்டாம் உலகத் தமிழ் மாநாட்டை முன்னிட்டு நாணயத்தில் எழுந்தருளிய வள்ளுவர், குமரிமுனையில் 133 அடிச் சிலையாக நிற்பதற்கு ஐந்தாண்டு முன்னரே நம் மடியில் குடிபுகுந்துவிட்டவர். நூற்றாண்டு நினைவாக வந்த காமராஜர் ஐந்து ரூபாய் நாணயத்தின்மீதோ, 1969 இடைத்தேர்தலில் அவரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பிவைத்த உங்கள் ஊருக்கு விசேஷ பாத்தியதையே உண்டு. அண்ணா நூற்றாண்டு நாணயத்தைப் பூதக்கண்ணாடி கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய தமிழ்க் கையொப்பம் தென்படும். புழக்கத்துக்கு வந்த இவற்றை ஆயிரக்கணக்கில் விலை கூறுபவரிடம் வாங்குவது, பணத்தைக் கொடுத்துச் சில்லறை வாங்கும் அபூர்வ வித்தை; வடசேரிச் சந்தையில் மீதிச் சில்லறையாகவே அகப்படும் யோகமும் உண்டு. கிடைத்ததைப் புளி போட்டு விளக்கிப் பளபளப்பாக்கினால் சேகரிப்போர் மத்தியில் மதிப்புப் போய்விடும் என்பதை, மகனிடமல்ல, முதலில் வீட்டம்மாளிடம் சொல்லி வையுங்கள்.