கோட்டை கட்டப் போற மருமவனுக்கு

ராசா படம் எடுக்கப் போறியாம்லா மருமவனே. எடு, நல்லா எடு. கையில துட்டு இருக்கவன் கல்யாண மண்டபம் கட்டுதான், அரிசி மில்லு வைக்கான். துட்டு இல்லாதவனுக்குத்தான் கோட்டை, கொத்தளம், ஐநூறு குதிரைன்னு யோசனை வரும். செல்போன்ல பென்ஹர் பாத்துட்டு, அதே மாதிரி ரத ஓட்டத்தைக் குற்றாலத்து ஐந்தருவிப் பக்கம் வைக்கப் போறேன்னு சொல்லிக்கிட்டுத் திரியுதியாமே. சாரல் சீசன்ல அங்கன ஒரு வேனைத் திருப்பவே டிரைவர் குலசாமியைக் கூப்பிடணும். நீ நாலு குதிரை பூட்டின ரதத்தைத் திருப்பு. பாக்க நானும் வாரேன். பஸ் டிக்கெட் உன் செலவு.

பென்ஹரைக் குறை சொல்லலடே. 1959-ல வந்தது, 11 ஆஸ்கார் வாங்குனது. அந்த ஓட்டத்துக்குன்னே இத்தாலியில, சினிசித்தா ஸ்டுடியோவுல 18 ஏக்கர்ல மைதானம் போட்டாவ. எதுக்கு அம்புட்டுப் பெரிசுன்னு கேளு. வீட்டுக்கு வீடு டிவி பெட்டி வந்து, அமெரிக்காக்காரன் கொட்டகைப் பக்கம் எட்டிப் பாக்குததையே விட்டுட்டான். பெட்டிக்குள்ள அடங்காத ஒண்ணைக் காட்டணும்லா? திரையை அகலமா விரிச்சாவ. சினிமாஸ்கோப்புல வந்த முதப் படமே 1953-ல ‘தி ரோப்’ங்கிற ரோமாபுரிக் கதைதான். அகலத் திரையை ரொப்பத் தூணும் படையும் தேரும் தோதாப் போச்சு.

பொறவு, கதைக்குச் செட்டுப் போட்டது போயி, செட்டுக்குக் கதை தேட ஆரம்பிச்சாவ. கிளியோபாட்ரா படம் 20 லட்சம் டாலர்ல தொடங்குன கணக்கு, 3 கோடியைத் தாண்டிட்டு. முதல்ல இங்கிலாந்துல செட்டைப் போட்டாவ. எலிசபெத் டெய்லருக்கு உடம்புக்கு முடியாமப் போக, எல்லாத்தையும் அங்கனயே விட்டுட்டு ரோமாபுரியில போயி முதல்லேருந்து. 1963-ல அமெரிக்காவுல அதுக்கு மேல வசூலான படம் இல்ல. அப்பவும் போட்ட காசு அந்த வசூல்ல திரும்பல. அந்தக் கஷ்டகாலத்துல ஃபாக்ஸ் கம்பெனி ஸ்டுடியோ நிலத்தையே வித்துச்சு. இப்ப அங்கன செஞ்சுரி சிட்டின்னு மாடி மாடியா நிக்கி. உங்க அம்மை பேருல இருக்க தென்னந்தோப்பு உனக்கு ஞாபகம் வந்துச்சா? எனக்கு வந்துச்சு.

அதே காலத்துல சாமுவேல் பிரான்ஸ்டன்னு ஒரு மவராசன், ஸ்பெயின்ல மாட்ரிட் ஊருக்கு வெளிய ரோமாபுரிப் பொதுத்திடலையே கட்டி எழுப்புனாரு. கோயிலு, தூணு, படிக்கட்டு எல்லாம். படத்துப் பேரு ‘ரோமப் பேரரசின் வீழ்ச்சி’. பேரு வைக்கும்போதே யாராவது கையைப் பிடிச்சுத் தடுத்திருக்கலாம். படமும் விழுந்து, கம்பெனியும் விழுந்துட்டு.

நம்மாளுக மட்டும் லேசுப்பட்டவுகளா? ஜெமினி வாசன் 1948-ல சந்திரலேகா எடுத்தாரே, அந்த முரசு நடனத்தை இப்பப் பாத்தாலும் வாயைப் பொளக்கணும். அந்தக் காலத்துல 30 லட்சம் ஆச்சுன்னு சொல்லுவாவ. ஆனா வாசன் கெட்டிக்காரரு. தமிழோட நிறுத்தாம இந்தியிலயும் எடுத்து வடக்க கொண்டு போயி காசாக்கிட்டாரு. நீ எதுல கெட்டிக்காரன்னு நானும் நீ பொறந்ததுலேருந்து யோசிச்சுப் பாக்குதேன்.

ஒரு சூட்சுமம் சொல்லுதேன், கேட்டுக்கோ. அந்தக் காலத்துல இந்தப் பக்கத்துல எந்த ஊர்க் கோயில் கொடைக்கும் மைக் செட்டுக்காரன் மரத்துல குழாயைக் கட்டி, வீரபாண்டிய கட்டபொம்மன் வசனத் தட்டைத்தான் போடுவான். சிவாஜி முழங்குதது வயக்காடு தாண்டி அடுத்த ஊருக்குக் கேக்கும். பாத்துக்கோ, ஜெய்ப்பூர் வரைக்கும் போயி எடுத்த போர்க்களம், கலரு, பட்டாளம் எதுவும் அந்தக் குழாய்க்குள்ள வராது. வெறும் குரலு. களை எடுக்கப் போன பொம்பளையும் நிமிந்து நின்னு வரி கட்ட மாட்டேன்னு சேந்து சொல்லுவா. டூரிங் கொட்டகையில மணலைக் குமிச்சு உக்காந்து பாத்த சனம், கோட்டை அட்டையா கல்லான்னு தட்டிப் பாக்கல. ராசாவைப் பாத்து ஒருத்தன் என்ன கேக்கான்னு காதைத் தீட்டிக்கிட்டு இருந்தாவ.

அங்கதான் விசயம். ரோமாபுரிப் படத்துக்குத் தூணு எப்படியோ, நம்ம ராசா படத்துக்கு வசனம் அப்படி. 1950-ல மந்திரி குமாரி, 1954-ல மனோகரா, ரெண்டுக்கும் வசனம் கருணாநிதி. சபையில நிக்க ராசா பழைய ராசா. ஆனா திட்டு விழுதது நேத்தைய பேப்பர்ல படம் வந்த மந்திரிக்குன்னு தரை டிக்கெட்டுக்காரனுக்கும் தெரியும். சென்சார்காரன் கேட்டா, ஐயா இது முன்னூறு வருசத்துக்கு முந்துன கதைன்னு கையைக் கட்டிக்கிடலாம். 1958-ல எம்ஜிஆர் நாடோடி மன்னனைச் சொந்தமா எடுத்து, தானே டைரக்சனும் பண்ணி, இருக்க சொத்தையெல்லாம் அதுலயே போட்டாரு. ஓடுனா மன்னன், ஓடலேன்னா நாடோடின்னு அவரே சொன்னதா சொல்லுவாவ. அவரு கம்பெனி முத்திரையில ஒரு ஆணும் பொண்ணும் கட்சிக் கொடியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும். ராசா ராணி கதைக்குள்ள கொடி எங்கன வந்துச்சுன்னு ஒருத்தரும் கேக்கல, எல்லாருக்கும் புரிஞ்சதுனால.

பொறவு 1967 வந்துச்சு. திட்டுனவுக எல்லாம் ஆட்சிக்கு வந்துட்டாவ. இனி எந்த ராசாவை யாரு திட்ட? அகலத் திரை தமிழுக்கு வந்து சேந்தது 1973-ல, ராஜராஜ சோழன் படத்துல. அது வந்த நேரம், ராசாமாரு மூட்டை கட்டுத நேரம். எம்ஜிஆர் நடிச்சுக் கடைசியா வந்தது மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன், 1978 பொங்கலுக்கு. அதுக்கு முந்துன வருசமே அவரு முதலமைச்சரு. செயின்ட் ஜார்ஜ் கோட்டையே கைக்கு வந்த பொறவு அட்டைக் கோட்டை எதுக்குடே? அதே 1977-லதான் பாரதிராசா கேமராவை வயக்காட்டுக்குத் தூக்கிட்டுப் போனாரு. சனமும் அவரு படத்துச் சப்பாணி பின்னால போயிட்டு. கிரீடம் செஞ்சவன், வாளுக்கு வெள்ளி பூசுனவன் பாடுதான் திண்டாட்டம்.

பெரிய மனுசங்களே முட்டி நின்ன இடமும் உண்டு. மருதநாயகம்னு கமலகாசன் 1997-ல தொடங்குனாரு. நம்ம நெற்கட்டும்செவல் பூலித்தேவரோட மோதுன கான்சாகிப்பு கதை, நம்ம மண்ணுக் கதைடே. தொடக்க விழாவுக்கு இங்கிலாந்து எலிசபெத் மகாராணியே வந்து பாத்துட்டுப் போனாவ. நெச ராணி வந்தும் படம் முடியல. பணம் வரலன்னா ராணி என்ன செய்வாவ? 2006-ல வடிவேலு மீசையை வச்சுக்கிட்டு இம்சை அரசனா வந்தாரு பாரு, அப்பதான் கொட்டகை ரொம்புச்சு. ராசாவைப் பாத்துப் பயந்த சனம் சிரிக்க ஆரம்பிச்சிட்டுன்னா, உன் மாதிரி ஆளு சூதானமா இருக்கணும்.

இப்ப பொன்னியின் செல்வன் வரலையான்னு கேப்பே. வந்துச்சு, 2022-ல, ரெண்டாம் பாகம் அடுத்த வருசம். அதுக்குப் பின்னால கல்கி கதையைத் தலைமுறை தலைமுறையா படிச்ச கூட்டம் காத்துக் கிடந்துச்சு. உன் கதைக்கு நானும் டீக்கடை அண்ணாச்சியும்தான் காத்துக் கிடக்கோம், அவருக்கு நீ பாக்கி வேற வச்சிருக்கே. கம்ப்யூட்டர் இருக்குன்னும் சொல்லுவே. 2000-ல கிளாடியேட்டர் எடுத்தவன் கொலோசியத்துல ஒரு பங்கைத்தான் கட்டுனான், மிச்சத்தைக் கம்ப்யூட்டர் கட்டிக் குடுத்துச்சு, வாஸ்தவம். ஆனா கம்ப்யூட்டரு கட்டுத கோட்டைக்கும் கூலி உண்டுடே. கொத்தனாருகிட்டயாவது கடன் சொல்லலாம்.

உனக்கு ராசாதான் வேணும்னா எதுக்கு ரோமாபுரி? பேரரசு விழுந்த கதை நம்ம தென்காசியிலயே கிடக்கு. மதுரையை விட்டுத் தெக்க ஒதுங்குன பாண்டியமாருல ஒருத்தரு பராக்கிரம பாண்டியரு. 1446-ல காசி விசுவநாதர் கோயிலைக் கட்டத் தொடங்குனாரு. கட்டிட்டு, கோயிலைக் கட்டுனவன் நான்தான்னு மார் தட்டல. பின்னால இந்தக் கோயிலைப் பேணிக் காக்கப் போறவன் எவனோ, அவனை நான் இப்பவே கும்பிட்டுக்கிடுதேன்னு கல்லுல வெட்டி வச்சாரு. ரொம்ப காலம் மொட்டையா நின்ன கோபுரம், 1990-ல ஒன்பது நிலையோட எழும்புச்சு. ஐநூறு வருசத்துக்கு மேலா அவரு கும்பிட்ட கும்பிடு வீண் போகலன்னுதான் நான் நினைக்கேன்.

ஆனா எந்த ஹீரோ ஒத்துக்கிடுவான்? முதக் காட்சியிலயே இன்னும் பொறக்காதவன் காலுல விழுந்து கும்பிடணும்னா, ரசிகர் மன்றம் உன் வாசல்ல வந்து நிக்கும். ஒரு சண்டை வைங்கன்னு பைனான்சியர் சொல்லுவாரு. குற்றாலத்துல ஒரு குளிக்குத பாட்டு வைங்கன்னு விநியோகஸ்தர் சொல்லுவாரு. அந்தப் பாட்டு வந்த பொறவு பாண்டியரு எங்கன இருக்காருன்னு தேடணும்.

அதனால, குதிரைக்கு அட்வான்சு குடுக்கதுக்கு முன்ன ஒரு காரியம் செய்யி. உங்க அம்மை ராத்திரி டிவி முன்னால உக்காந்திருப்பா, என் தங்கச்சி, எனக்குத் தெரியும். நீ போயி பக்கத்துல நின்னு, செட்டு இல்லாம, கிரீடம் இல்லாம, வெறும் வாயால உன் ராசா பேசுததைப் பேசிக் காட்டு. அவ சீரியலை விட்டுட்டு உன் பக்கம் திரும்பிப் பாத்தான்னா, தோப்புப் பத்திரத்தைக் கேளு. திரும்பலேன்னா சோத்தைக் கேளு, அதுவும் விளம்பரம் போடுத நேரம் பாத்து.