கீ செயின் பெரியம்மா

உங்கள் குடும்பத்திலும் ஒருவர் இருப்பார். அத்தையாகவோ, சித்தியாகவோ, எதிர் ஃபிளாட் மாமியாகவோ. எங்களுக்குப் பெரியம்மா. கையில் 2.5 மில்லிமீட்டர் குரோஷா ஊசி, மடியில் நூல்கண்டு, கண் மட்டும் எதிரில் இருப்பவரின் சாவி மேல். சாவி மொட்டையாக இருந்தால் அந்த ஆள் தொலைந்தார். அடுத்த முறை பார்க்கும்போது அதில் ஒரு கத்தரிக்காய் தொங்கும்.

இந்த இனம் நேற்று முளைத்ததல்ல. தொண்ணூறுகளில் டி.வி. தலையிலும், டெலிபோனுக்கு அடியிலும், டீப்பாய் மேலும் வெள்ளை நூல் விரிப்பு போட்டவர்கள் இவர்கள்தான். பிறகு டி.வி. இளைத்துச் சுவரில் ஏறியது. விரிப்பு போடத் தலை இல்லை. டெலிபோன் சட்டைப்பைக்குள் போனது. பெரியம்மா கொஞ்ச நாள் வயர் கூடை போட்டுப் பார்த்தார். உறவில் வீட்டுக்கு மூன்று கூடை ஆனதும் அதுவும் நின்றது. அப்போதுதான் பேத்தி யூடியூபில் அமிகுருமியைக் காட்டினாள். பின்னிச் செய்யும் குட்டி பொம்மைகளுக்கு ஜப்பான்காரர்கள் வைத்த பெயர் அது. பெரியப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "குருமாவா? சப்பாத்தி போடறியா?" என்றார். அன்றைக்கு ரசம் சாதம்தான்.

பொம்மை ஒரு சின்ன வளையத்தில் தொடங்கும். முதல் சுற்றில் 6 கண்ணி, அடுத்ததில் 12, அதற்கடுத்து 18. எண்ணிக்கை தப்பினால் ஆப்பிள் கொய்யாவாகிவிடும். அதனால் பெரியம்மா எண்ணும்போது யார் எது கேட்டாலும் பதில் எண்ணாகத்தான் வரும். ஒரு நாள் வாசலில் காய்கறி வண்டி.

"வெங்காயம் கிலோ நாப்பதும்மா."

"பதினெட்டு."

"கட்டுப்படியாகாதும்மா. முப்பத்தஞ்சு."

"இருபத்திநாலு."

"சரி, முப்பதுன்னு எடுத்துக்கோங்க."

அவர் நிமிர்ந்தபோது இரண்டு கிலோ வெங்காயம் வீட்டுக்குள் இருந்தது. 'இவளுக்குப் பேரம் பேசவே தெரியாது' என்று பெரியப்பா நாற்பது வருடமாகச் சொல்லி வந்தது அன்றோடு பொய்த்தது.

பொம்மைக்குள் அடைக்கப் பஞ்சு வேண்டும். கடையிலும் கிடைக்கும். ஆனாலும் பெரியப்பாவின் தலையணை மாதா மாதம் இளைத்துக்கொண்டு வருகிறது.

இதைப் 'பொழுதுபோக்கு' என்று மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. "திருப்பூர்ல பனியனுக்கு மிஷின் இருக்கு. குரோஷா இன்னிக்கும் கை வேலைதான், தெரியுமா? 2016-ல நம்ம சென்னையிலதான் 11,148 சதுர மீட்டருக்குக் குரோஷா போர்வை போட்டு கின்னஸ்ல ஏத்தினாங்க!" இரண்டே முக்கால் ஏக்கர் போர்வை. போர்வைக்குப் பஞ்சு வேண்டாம் என்பதில் பெரியப்பாவுக்கு ஓர் ஆறுதல்.

கீ செயின் வாங்கிக்கொள்பவருக்குக் கடமைகள் உண்டு. பெரியம்மா பார்க்கும்போதே மாட்ட வேண்டும். பழைய கீ செயின் கோயிலில் வாங்கியதாக இருந்தாலும் கழற்றத்தான் வேண்டும். முக்கியமாக, பொம்மை என்னவென்று தானாகவே புரிந்துகொள்ள வேண்டும். தலை தீபாவளிக்கு வந்த புது மாப்பிள்ளைக்கு இது தெரியாது. "ரொம்ப நல்லா இருக்கு அத்தை... உருளைக்கிழங்குதானே?" என்று விட்டார். கூடம் அமைதியானது. "யானை," என்றார் பெரியம்மா. பெரியப்பாதான் காப்பாற்றினார்: "தும்பிக்கை உங்க கைக்குள்ள மறைஞ்சிருக்கு மாப்ளே."

கீழே பெரியம்மாவின் ஆட்டோ வந்து நிற்கும் சத்தம் கேட்டால், கொலுவுக்குப் பரணில் ஏறுகிற பரபரப்பு எங்கள் வீட்டில். டிராயருக்குள் கிடக்கும் கத்தரிக்காய், ஆமை, ஆந்தை எல்லாம் அவரவர் சாவிக்குத் திரும்பும். அவர் காபி குடித்துக்கொண்டே ஆணிப்பலகையை ஒரு பார்வை பார்ப்பார். ஆமை அழுக்காக இருந்தால் அவருக்கு மகிழ்ச்சி. புழங்குகிறது என்று அர்த்தம். பளபளவென்று இருந்தால்தான் முகம் வாடும். இது தெரிந்த நாளிலிருந்து என் மனைவி ஆமையின் மேல் கொஞ்சம் காபித் தூளைத் தேய்த்து வைக்கிறாள்.

"ஒண்ணு நூறு ரூபாய்னு வித்தா நல்லாப் போகுமே பெரியம்மா," என்று ஒரு முறை கேட்டேன்.

"வித்துட்டா, அது எப்படி இருக்குன்னு அவங்க வீட்டுக்குப் போய்ப் பார்க்க முடியுமாடா?" என்றார்.

போன மாதம் எங்கள் ஃபிளாட்டில் நம்பர் பூட்டு வைத்தோம். சாவியே கிடையாது. இதை அவரிடம் எப்படிச் சொல்வதென்று இரண்டு நாள் தூக்கம் இல்லை. வந்தார். கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கைப்பையிலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்தார்.

இப்போது எங்கள் பூட்டு மஞ்சள் நிறத்தில் ஒரு உறை போட்டிருக்கிறது. உறையின் நுனியில் ஒரு பொம்மை தொங்குகிறது.

உங்கள் வீட்டுப் பெரியம்மா நீட்டினால் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள். என்ன பொம்மை என்று மட்டும் கேட்காதீர்கள்.