இன்னும் ஒரே ஒரு ஆட்டம்!

கேள்வி-பதில்

(இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் செல்போன் செஸ். எழுதியவர்களில் பலர் கொட்டாவி விட்டுக்கொண்டே எழுதியிருப்பது கையெழுத்திலேயே தெரிகிறது.)

செகண்ட் ஷிஃப்ட்காரர், புளியந்தோப்பு: காலைல ஆறு மணிக்குத் தண்ணி பிடிக்க எழுந்திருக்கிறேன். மணலியில ஷிஃப்ட் முடிஞ்சு வீட்டுக்கு வர ராத்திரி பதினொன்னு. படுத்துக்கிட்டே நாலு ஆட்டம் ஆடுவேன். நாலும் தோல்வி. தூக்கக் கலக்கம் அவ்வளவா கெடுக்கும்?

கெடுக்கும். பதினேழு மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் வேகமும், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது ஏறியவரின் நிலைக்கு இறங்கிவிடும் என்று தூக்க ஆய்வாளர்கள் சோதித்துச் சொல்லியிருக்கிறார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் விடுவது 0.03 தான். ஆறிலிருந்து பதினொன்று வரை எண்ணிப் பாருங்கள், சரியாகப் பதினேழு. போலீஸ்காரர் ஊதச் சொல்லும்போது தூக்கம் அந்தக் கருவியில் காட்டாது. அதனால் தப்பித்து வீடு வந்துவிடுகிறீர்கள். அடிபடுவது உங்கள் ராணி.

நம்பாதவர், ஓட்டேரி: சும்மா பயமுறுத்தாதீங்க சார். பெரிய ஆட்டக்காரங்களுக்கு இதெல்லாம் ஆகுமா?

அன்றைய உலக சாம்பியனுக்கே ஆனது. 2022 பிப்ரவரியில் ஏர்திங்ஸ் மாஸ்டர்ஸ் என்ற ஆன்லைன் போட்டி. மாக்னஸ் கார்ல்சன் அப்போதுதான் கொரோனாவிலிருந்து எழுந்திருந்தார். உடம்பில் தெம்பில்லை, யோசிக்க முயன்றபோதெல்லாம் தப்பாகவே ஆடினேன் என்று பிறகு அவரே சொன்னார். எதிரில் நம்ம பாடியைச் சேர்ந்த பதினாறு வயது பிரக்ஞானந்தா. கறுப்புக் காய்களோடு 39 நகர்த்தல்களில் ஆட்டத்தை முடித்தார்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சென்னையில் அப்போது நள்ளிரவு தாண்டியிருந்தது. தூக்கம் வந்திருக்க வேண்டியது பையனுக்குத்தான். எப்படிக் கொண்டாடப் போகிறாய் என்று கேட்டதற்கு, போய்ப் படுக்கப் போகிறேன் என்றார். அதே ஆண்டு மே மாதம் வேறொரு ஆன்லைன் போட்டியில் அனிஷ் கிரி என்ற ஆட்டக்காரரோடு ஆடிய அரையிறுதி முடிய இரவு இரண்டு மணி. விடிந்தால் பதினோராம் வகுப்புத் தேர்வு. அவரும் தூக்கத்தோடு மல்லுக்கட்டி ஆடியவர்தான். ஆனால் அவர் ஜெயித்ததும் படுக்கப் போகிறார். நாம் தோற்றதும் அடுத்த ஆட்டம் போடுகிறோம்.

ராணியைப் பறிகொடுத்தவர், வியாசர்பாடி: அரைத் தூக்கத்திலும் எனக்குப் பிரமாதமான தாக்குதல் எல்லாம் தோணுது. ஆனா அடுத்த நிமிஷமே ராணியைச் சும்மா கொடுத்துடறேன். மூளையில எந்த நட்டு கழலுது?

கடைசி நட்டு. செஸ் ஆட்டக்காரர்களின் சிந்தனையை ஆராய்ந்த ஹாலந்து உளவியலாளர் அட்ரியான் டி குரூட் கண்டது இது: பெரிய ஆட்டக்காரர் மற்றவர்களைவிட ரொம்ப ஆழமாகக் கணக்குப் போடுவதில்லை, நல்ல நகர்த்தல் அவர் கண்ணில் முதலிலேயே பட்டுவிடுகிறது. பழகிய கண் களைப்பிலும் ஓரளவு வேலை செய்யும். அதனால்தான் தாக்குதல் தோன்றுகிறது. களைப்பில் காணாமல் போவது வேறொன்று: 'அவன் எதுக்கு அந்தக் குதிரையை அங்கே வச்சான்?' என்ற கேள்வி. அதாவது, உங்கள் யோசனை விழித்திருக்கிறது, எதிராளியின் யோசனையை விசாரிக்கும் வேலைதான் தூங்கிவிட்டது.

இதற்கு புளூமென்ஃபெல்ட் என்ற ரஷ்ய மாஸ்டர் ஒரு வைத்தியம் சொன்னார். நகர்த்தலை முதலில் தாளில் எழுது. பிறகு கற்றுக்குட்டியின் கண்ணால் பலகையை ஒருமுறை பார். அப்புறம் காயைத் தொடு. உலக செஸ் அமைப்பான ஃபிடேயின் இன்றைய விதிப்படி முன்கூட்டி எழுதக் கூடாது. ஆனால் செல்போனில் அதற்கு ஈடான வசதி இருக்கிறது. செட்டிங்ஸில் போய், ஒவ்வொரு நகர்த்தலையும் உறுதி செய்யச் சொல்லிக் கேட்கும்படி வையுங்கள். கட்டை விரலுக்கும் மூளைக்கும் நடுவில் ஒரு செக்யூரிட்டி நிற்பார்.

பொறுமை இழந்த மனைவி, பட்டாளம்: 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்கிறார் என் வீட்டுக்காரர். அந்த ஒரே ஒரு ஆட்டம் எப்போது முடியும்?

முடியாது, அம்மா. முன்பெல்லாம் எதிராளிக்கும் தூக்கம் வந்தது. அவன் எழுந்து போனால் ஆட்டம் தானாக முடிந்தது. இப்போது நமக்கு நள்ளிரவு என்றால் நியூயார்க்கில் பிற்பகல். அங்கே ஒருவர் மதியச் சாப்பாடு முடித்து, காபி குடித்து, தெளிந்த கண்ணோடு உட்கார்ந்திருக்கிறார். அவர் கிளம்பினால் ஐரோப்பாவில் ஒருவர் ரெடி. ஊர் உலகமே முறைபோட்டு ஆடுகிறது, உங்கள் வீட்டுக்காரர் மட்டும் டபுள் டியூட்டி பார்க்கிறார்.

அவர் ஆட்டத்துக்காக விழித்திருக்கவில்லை. ஜெயித்த கையோடு படுக்க வேண்டும் என்பதற்காக விழித்திருக்கிறார். தோற்க வைப்பது களைப்பு. தோற்கத் தோற்க இன்னும் விழிக்கிறார். விழிக்க விழிக்கக் களைப்பு. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லாதீர்கள். எத்தனை ஆட்டம் என்று ஆரம்பிக்கும் முன்பே உங்களிடம் சொல்லிவிட்டு ஆடச் சொல்லுங்கள். எண்ணிக்கை முடிந்ததும் சார்ஜர் உங்கள் பக்கம்.

கேரம் ரசிகர், புதுவண்ணாரப்பேட்டை: எங்க ஏரியா காசிமா 2024-ல அமெரிக்காவுக்குப் போய் கேரம் உலகக் கோப்பையில மூணு தங்கம் அடிச்சிட்டு வந்தாங்க. ஆட்டோ ஓட்டுநர் பொண்ணு. வடசென்னைக்காரனுக்குக் கேரம் இருக்க செஸ் எதுக்குண்ணா?

இரண்டும் இருக்கட்டும் தம்பி. ஆனால் களைத்தவனிடம் கேரம் நேர்மையாக நடந்துகொள்கிறது. கை தளர்ந்தால் ஸ்ட்ரைக்கரே காட்டிக் கொடுத்துவிடும். இரண்டு காய் தவறியதும் 'போதும்டா' என்று எழுந்துவிடுவீர்கள். செஸ்ஸில் எவ்வளவு களைத்திருந்தாலும் காய், வைத்த கட்டத்தில் கச்சிதமாகப் போய் உட்காரும். தப்பான நகர்த்தலும் பார்க்க அழகாகவே இருக்கும். களைப்பு தெரிய வரும்போது யானை போயிருக்கும்.

முகம் பார்த்து ஆடியவர், ராயபுரம்: திண்ணையில் நண்பனோடு ஆடும்போது இவ்வளவு தப்பு செய்ததில்லை. செல்போனில் மட்டும் ஏன்?

முகம் இல்லாததும் ஒரு காரணம். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். உலக சாம்பியன் போட்டியின் பதினான்காவது, கடைசி ஆட்டம். டிராவில் முடிய வேண்டிய நிலையில் டிங் லிரென் 55-வது நகர்த்தலாக யானையைத் தவறான கட்டத்துக்கு நகர்த்தினார். தப்பு செய்துவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது, எதிரில் குகேஷின் முகத்தில் மகிழ்ச்சியைப் பார்த்த பிறகுதான். அப்போது அது உதவவில்லை. பதினெட்டு வயது சென்னைப் பையன் சாம்பியன் ஆகிவிட்டார். ஆனால் திண்ணை ஆட்டத்தில் அந்த முகம் உதவும். நண்பன் திடீரென்று நிமிர்ந்து உட்கார்ந்தால் உங்கள் தூக்கமும் கலையும். செல்போனில் எதிராளி துள்ளிக் குதித்தாலும் உங்களுக்குத் தெரிவது ஒரு கொடியும் ஒரு எண்ணும்.

பக்தர், பெரம்பூர்: ராத்திரி ஆடும் முன் எந்தச் சாமியைக் கும்பிடலாம்?

திருவாரூர் மாவட்டம் பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் இருக்கிறார். வயோதிகர் வேடத்தில் வந்து, சதுரங்கத்தில் தோற்காத ராஜகுமாரியை வென்று மணந்தார் என்பது தலபுராணம். உண்மையான பலத்தை மறைத்துக்கொண்டு புதிய பெயரில் வந்து ஆடினால் இன்று ஆன்லைனில் கணக்கையே முடக்கிவிடுவார்கள். அவர் காலத்தில் கல்யாணம் செய்து வைத்தார்கள். தாராளமாகக் கும்பிடுங்கள். ஆனால் தேவர்கள் கண் இமைப்பதில்லை என்பது நம் மரபு. தூக்கக் கலக்கத்தைப் பற்றி முறையிட்டால் அவருக்குப் புரியுமா என்பதுதான் சந்தேகம்.

விட முடியாதவர், எண்ணூர்: கன்டெய்னர் வரிசையில் லாரியோடு மணிக்கணக்கா நிக்கிறேன். களைப்புதான், ஆனா பொழுது போகணுமே. எப்படி ஆடலாம்?

ரேட்டிங் இல்லாத ஆட்டமாக ஆடுங்கள். தோற்றாலும் ரேட்டிங் குறையாது. ஒரு நிமிட ஆட்டம் வேண்டாம், அது தெளிந்தவனையே கலக்கிவிடும். ஒரு நகர்த்தலுக்கு ஒரு நாளோ மூன்று நாளோ அவகாசம் தரும் ஆட்டம் இருக்கிறது. துறைமுக கேட் திறக்கிறதா, ஆட்டத்தை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுக்கலாம். கண்ணயர்ந்து எழுந்தவுடன் ஆடாதீர்கள். மூளைக்கு இன்னும் விடிந்திருக்காது. தூக்கம் தலையை அழுத்தினால் அரசனுக்குக் கோட்டை கட்டுவதை மறந்துவிட்டு நீங்களே கோட்டை கட்டிப் படுங்கள். வண்டி ஓட்ட வேண்டியவர் நீங்கள்.

மறுபடியும் செகண்ட் ஷிஃப்ட்காரர், புளியந்தோப்பு: எல்லாம் சரிங்க. தோத்துட்டு எப்படித் தூங்கறது? அதைச் சொல்லலியே!

2013 நவம்பரில், சொந்த ஊரான சென்னையிலேயே, விஸ்வநாதன் ஆனந்த் உலகப் பட்டத்தை கார்ல்சனிடம் இழந்தார். அடுத்த மார்ச்சில் ரஷ்யாவில் நடந்த கேண்டிடேட்ஸ் போட்டியில் முதலிடம் பிடித்து, அதே கார்ல்சனை மறுபடி சந்திக்கும் உரிமையைப் பெற்றார். நடுவில் நான்கு மாதம். தோற்ற இரவே கார்ல்சனின் ஓட்டல் அறைக் கதவைத் தட்டி 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம்' என்று அவர் கேட்கவில்லை.